யாரும் கட் பண்ணல, அதுவா கட் ஆயிடுச்சு

ஓசூர் சிப்காட்டில் இங்கிலீஷ் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்களுக்கு ஒரே ஒரு வினைச்சொல் போதும்: கட்.

'கோ, வென்ட், கான்' என்று மனப்பாடம் செய்து பிரம்படி வாங்கிய பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு இங்கிலீஷ்காரன் விட்டுவைத்த சொல் அது. இன்று வெட்டினாலும் கட், நேற்று வெட்டினாலும் கட், வெட்டுப்பட்டுக் கிடந்தாலும் கட். பெயர்ச்சொல்லாக இரு என்றால் அப்படியே இருக்கும். ஜவுளிக்கடையில் 'பீஸு'க்கு முன்னால் போய் நின்றால் பெயரடை.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் அதற்கு இன்னும் வேலை அதிகம். லேத்தில் நிற்கும் அண்ணா "இன்னொரு கட் குடுத்துப் பாரு" என்றால் அது இரும்பு. "நாளைக்கு கட் அடிக்கிறேன்" என்றால் அது சொல்லாமல் போடும் லீவு. "மூணு மணிக்கு கட்" என்றால் கரண்ட். வினைக்கு ஒரு வால் ஒட்டிக் 'கட்டிங்' ஆக்கினால் 180 மில்லி குவார்ட்டரில் பாதி, அதாவது 90. முடிவெட்டும் கடையிலும் கட்டிங் உண்டு; அதில் போதை ஏறாது.

எங்கள் ஊருக்கு இப்படி ஒரு சொல் தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஊரின் பெயரே கன்னடத்தில் 'புதூர்'. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பாகலூர் பக்கம் போனால் தெலுங்கு. 1980-ல் அசோக் லேலண்ட் லாரியும் டிவிஎஸ் 50 மொபெட்டும் இங்கிருந்து வெளியே போக ஆரம்பித்தன. பிறகு டைட்டன் கடிகாரம். சாமான் வெளியே போகப் போக, ஆட்கள் உள்ளே வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா பையன்கள் வந்ததில் இந்தியும் சேர்ந்துவிட்டது. ஒரே மெஷினைச் சுற்றிக் கட் பண்ணு, கட் மாடி, கட் செய்யி, கட் கரோ. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த டிரெய்னி, "கட் மாடி" என்றதும் அண்ணாந்து பார்த்தான். எங்கள் ஷெட்டுக்கு மாடி கிடையாது.

பார்த்தால் 'கட்' ஒரு வேலையும் செய்வதில்லை. காலம், ஆண்பால், பெண்பால், மரியாதை எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்கும் 'பண்ணு'தான் சுமக்கிறது. ஆபத்து வந்தால் மட்டும் 'பண்ணு' நழுவிவிடும், 'ஆகு' வந்து நிற்கும்.

தமிழில் 'உடைத்தது' என்பதற்கும் 'உடைந்தது' என்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துதான் மாறுகிறது. பிறவினை, தன்வினை என்று வாத்தியார் நடத்தியபோது தூங்கியவர்கள்கூட வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் அதில் பண்டிதர்கள் ஆகிவிடுகிறார்கள். உற்பத்தி கூடினால் "டார்கெட் கம்ப்ளீட் பண்ணிட்டேன் சார்." பீஸ் போனால் "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்." கன்னடத்தில் 'ஆய்து', தெலுங்கில் 'அயிந்தி', இந்தியில் 'ஹோ கயா'. மற்ற எதற்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இதற்கு வேண்டாம். ஷிப்ட் ரிஜிஸ்டரில் இதை இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. செயப்பாட்டுவினை என்று ஒன்றை வைத்திருக்கிறார்களே, புண்ணியவான்கள்! 'டூல் வாஸ் புரோக்கன்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். யாரால் என்று சொல்ல இடம் உண்டு, கட்டாயம் இல்லை.

2002-ல் டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய ஊர் இது. தரம் என்றால் இங்கே டீக்கடையில்கூடப் பேசுவார்கள். எங்கள் சின்னக் கம்பெனியிலும் டொயோட்டாவின் 'ஒய்-ஒய்' படிவம் உண்டு. தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும், ஐந்தாவதில் மூலகாரணம் சிக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. போன மாதம் நான் நிரப்பியது:

ஏன் ரிஜெக்ட்? கட் ஜாஸ்தி ஆயிடுச்சு. அது ஏன்? ஆஃப்செட் மாறிடுச்சு. அது ஏன்? மெஷின் ஆஃப் ஆயிடுச்சு. அது ஏன்? கரண்ட் கட் ஆயிடுச்சு. அது ஏன்? மழை.

ஐந்து ஏன்களில் வானம்வரை போய்விட்டோம், வழியில் ஒரு மனிதரைக்கூடச் சந்திக்கவில்லை. மேனேஜர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

இந்த இலக்கணம் தொழிலாளிகளின் சொத்து என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ஹெச்.ஆர். சார் லேத் பக்கம் வந்து, "அடுத்த மாசத்துலேருந்து ஓ.டி. கட் ஆயிடுச்சுப்பா" என்றார்.

"யார் சார் கட் பண்ணது?" என்று கேட்டார் லேத் அண்ணா.

"யாரும் பண்ணலப்பா. மேலேருந்து வந்துடுச்சு."

"மழையா சார்?"