ஒன்பதாம் சுரச் சிக்கல்: பியானோ டியூஷன் பற்றிய ஒரு முன்னாய்வு

குறுந்தொகைக்கு உரை கண்டோர் பலர். “பிராக்டிஸ் பண்ணியா?” என்ற வினாவுக்கும் “பண்ணேன் மிஸ்” என்ற விடைக்கும் உரை கண்டோர் எவருமிலர். சென்னை அடுக்ககங்களில் மாலைதோறும் நிகழும் பியானோ டியூஷனை ஆய்வுலகம் இப்படிப் புறக்கணித்தது பெருங்குறை. அதைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கருவி. பியானோவுக்குக் கட்டைகள் 88; வெள்ளை 52, கறுப்பு 36. டியூஷன் பிள்ளையின் வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டு. எஞ்சிய 27 கட்டைகள் எங்கே என்று வினவினால், “முதல்ல இதுல ஒழுங்கா வாசிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பது தந்தையர் கூற்று (வாய்மொழி மரபு, எல்லாத் தளங்களிலும் பாடபேதமின்றிக் கிடைக்கிறது).

மாணாக்கர் மூவகையர்: தானே விரும்பி வருவோர், தாய் விரும்பி வருவோர், அக்கா வருவதால் வருவோர். முதல் வகைக்குச் சான்று அரிது.

ஆசிரியர்: மிஸ், சார், மாஸ்டர். மூன்றாவது பட்டம் எளிதில் வாய்ப்பதன்று. இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜுக்கு அது பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தியரி வகுப்பில் ஐந்து கோடுகளின் பெயரை நினைவில் வைக்க ‘எவ்ரி குட் பாய் டிசர்வ்ஸ் ஃபுட்பால்’ என்றொரு வாய்பாடு உண்டு. ‘ஃபேவர்’, ‘ஃபட்ஜ்’ என்ற பாடங்களும் காணப்படுகின்றன. இவற்றுள் மூலபாடம் எது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும். கிரிக்கெட் ஏன் இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு, அது ‘சி’யில் தொடங்குகிறது, மேல்கோடு ‘எஃப்’ என்று விடை தரப்படுகிறது. பிள்ளை ஏற்பதில்லை.

இனி ஆய்வின் மையம். பீத்தோவன் 1810இல் எழுதியதாகக் கருதப்படும் ‘எலிஸுக்காக’ என்ற சிறு உருப்படியின் தொடக்கத்தை, டியூஷனில் சேருமுன்பே யூடியூப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுவிடுகின்றனர். இ, டி ஷார்ப், இ, டி ஷார்ப், இ, பி, டி, சி என எட்டுச் சுரம் வலக்கை தனியே ஓடும். ஒன்பதாவதான ‘ஏ’யில் இடக்கை வந்து சேரவேண்டும். அங்கே நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, முன்னிலும் வேகமாக ஓடி, அதே இடத்தில் நிற்கிறது (பி பிளாக், மூன்றாம் தளம், கதவு மூடிய நிலையில் கேட்டது).

காரணம் பற்றி மூன்று கொள்கைகள் உள. இடக்கை இன்னும் பழகவில்லை என்பது ஆசிரியர் கொள்கை. அடுக்களையிலிருந்து பஜ்ஜி வாசம் வரும் நேரம் அது என்பது பாட்டியர் கொள்கை. மூலப்படி தொலைந்துபோனது உண்மையாதலின் பனுவலே அங்கு முடிந்திருக்கலாம் என்பது தீவிரவாதிகள் கொள்கை (மேற்படி பிளாக், லிஃப்டில் செவிமடுத்தது; ஜெனரேட்டர் ஓடியதால் ஏழாம், எட்டாம் சுரங்கள் சிதைவு; ஊகித்து நிரப்பப்பட்டன. உ.வே.சா. புள்ளி வைத்துவிட்டு நகர்ந்திருப்பார்).

அந்த மூலப்படியைக் கண்டதாகச் சொல்லி 1867இல் இதை அச்சிட்டவர் லுட்விக் நோல். பீத்தோவன் மறைந்து அப்போது 40 ஆண்டு. எலிஸ் யார்? நோல் தப்பாகப் படித்துவிட்டார், அது தெரேஸ் மால்ஃபட்டி என்றார் ஓர் அறிஞர். இல்லை, பாடகி எலிசபெத் ரோக்கல் என்று 2009இல் இன்னொருவர் எழுதினார். எலிஸ் பாரன்ஸ்ஃபெல்ட் என்பாரும் உளர். இவர்களுள் ஒருவரும் இடக்கையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு சான்றும் தரலாம். பாக்கின் படைப்பென்று தலைமுறைகள் வாசித்த ஜி மேஜர் மினுவெட், கிறிஸ்டியான் பெட்ஸோல்டு என்பவருடையது என 1970களில் நிறுவப்பட்டது. பெரிய கண்டுபிடிப்புதான். பிள்ளை மறந்துபோகும் எஃப் ஷார்ப் மட்டும் இருவர் பெயரிலும் ஒரேபோல் மறந்துபோகிறது.

தைவானில் குப்பை லாரி தெருவுக்குள் வருவதை அறிவிப்பது இதே ‘எலிஸுக்காக’தான். அந்த லாரி ஒன்பதாம் சுரத்தைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது.

தேர்வு இயல்: டிரினிட்டி கிரேடு எக்ஸாமுக்கு மூன்று உருப்படிகள், 60 எடுத்தால் பாஸ், 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். ஆகவே வருடம் முழுதும் அம்மூன்றே வீட்டில் ஒலிக்கும். மாமா வந்து “ஏதாவது வாசிடா கண்ணா” என்றால் மட்டும் பிள்ளை அம்மூன்றையும் விட்டுவிட்டு எலிஸிடம் ஓடும். எட்டுச் சுரத்தில் கைதட்டலும் கிடைத்துவிடும். ஒன்பதாவது யாருக்கும் தேவைப்படுவதில்லை.

வாசகர் எவரேனும் தம் அடுக்ககத்தில் ஒரு பிள்ளை ஒன்பதாம் சுரத்தைத் தாண்டக் கேட்டிருந்தால், பிளாக், தளம், நேரம் குறித்து அனுப்புக. ஜெனரேட்டர் ஓடாத நேரமாயின் நலம்.