ரோஷம் என்னும் உறுப்பு: மறுபடி ஓடத் தொடங்குவோரின் வேகம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

ஓடத் தெரிந்தவர்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. ஓடாதவர்களைப் பற்றி மருத்துவர்கள் தினமும் பேசுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். ஆசையாக ஓடத் தொடங்கி, சில வாரம் ஓடி, ஏதோ ஒன்றால் முடங்கிப் படுத்து, மறுபடி எழுந்து வாசலில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருப்பவர் அவர். அறிவுலகம் இவரைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. அக்குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இனி இவர் 'மறுதொடக்கர்' எனப்படுவார்.

ஆய்வு எல்லையும் கருதுகோளும்

முடக்கம் பல வகைப்படும். கெண்டைக்கால் பிடிப்பு, முழங்கால் வலி, டெங்கு, சிக்குன்குனியா, வடகிழக்குப் பருவமழை, சொந்தத்தில் ஒரு கல்யாணம் ஆகிய ஆறும் இவ்வாய்வின் எல்லைக்குள் வரும். இவற்றுள் கடைசியானதிலிருந்து தேறி வரவே அதிக காலம் பிடிக்கிறது. பந்தி முடிந்தாலும் பட்சணம் முடிவதில்லை.

முடக்கம் எதுவாயினும் மறுதொடக்கர் செய்யும் காரியம் ஒன்றே. முதல் நாளே பழைய வேகத்தில் ஓடுகிறார். மூன்றாம் நாள் மறுபடி படுக்கிறார். இதற்கு இதயமோ நுரையீரலோ காலோ காரணம் என்று இதுவரை கருதப்பட்டது. அம்மூன்றும் நிரபராதிகள் என்பதும், மறுதொடக்கரின் வேகத்தை நிர்ணயிப்பது உடற்கூற்று நூல்களில் இடம்பெறாத ரோஷம் என்னும் உறுப்பே என்பதும் இவ்வாய்வின் கருதுகோள்.

உறுப்பியல்

ஓட்டத்தை நிறுத்தினால் உடல் சும்மா இருப்பதில்லை. வேண்டாத செலவையெல்லாம் உடனே குறைக்கிறது. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. இரண்டு வாரத்துக்குள்ளேயே அந்தக் குறைவு தெரியும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் அதனால் குறைகிறது. மூன்று, நான்கு வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் இறங்குகிறது.

திரும்ப ஓடத் தொடங்கினால், போன வேகத்திலேயே முதலில் வந்து சேர்பவையும் இவைதான். ரத்தமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் பாரம் தாங்கப் பழக மாதக்கணக்கு ஆகும். ஆகவே மறுதொடக்கரின் வாழ்வில் ஒரு கட்டம் வருகிறது. மூச்சு 'போலாம் ரைட்' என்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு 'இறங்கணும், இறங்கணும்' என்கிறது. அடுத்த முடக்கத்துக்கு நல்ல முகூர்த்தம் இதுவே.

இப்போது ரோஷத்துக்கு வருவோம். பத்து நாள் காய்ச்சலில் எடை குறைகிறது, முடி கொட்டுகிறது, வாய் கசக்கிறது. ரோஷம் மட்டும் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கையிலேந்திப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் 'இந்த வயசுல ஓட்டம் எதுக்கு?' என்று கேட்டு அதற்கு வேளை தவறாமல் தீனி போட்டிருக்கிறார்கள். மற்ற உறுப்புகள் மெலிந்து கிடக்க, இது கொழுத்து எழுகிறது. ஓய்வில் மெலியாத உறுப்பு என்பதே இதற்குரிய தனி இலக்கணம்.

உடலில் இதன் இருப்பிடம் எதுவென்று உறுதியாகவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் பிடரி கூசுவதால் கழுத்தில் இருக்கலாம் என்பது ஒரு கொள்கை. அதே கணத்தில் வயிறு உள்ளே போவதால் வயிற்றில் இருக்கலாம் என்பது மறு கொள்கை. இரண்டும் ஏற்கத்தக்கவையே.

தூண்டிகள்: மெரினா களஆய்வு

களமாகச் சென்னை மெரினா தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே உழைப்பாளர் சிலையின் நால்வரும் 1959 முதல் ஒரே பாறையை நெம்பி வருகிறார்கள். பாறை அசையவில்லை. அதற்காக அவர்கள் பதறியதாகவும் தெரியவில்லை. ஆய்வுக்கு வேண்டிய சூழல் இது.

மறுதொடக்கரின் ரோஷத்தைத் தூண்டுவோர் நால்வகையினர்.

*முதலாமவர், காவலர் தேர்வுக்குப் பயிலும் இளைஞர்.* 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது ஆண்களுக்கான விதி. அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இவர் கடந்து போகும்போது மறுதொடக்கர் விரட்டுவது வழக்கம். இளைஞர் எட்டிப் பிடித்தால் அரசு வேலை கிடைக்கும். மறுதொடக்கர் எட்டிப் பிடித்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற வினாவுக்கு விடை இல்லை. வயது வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது.

*இரண்டாமவர், ஓய்வுபெற்ற நடையாளர்.* மங்கி குல்லா, கான்வாஸ் ஷூ, கையில் சுருட்டிய செய்தித்தாள். பக்கத்தில் நடப்பவரிடம் பென்ஷன் நிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஓடிக்கொண்டிருக்கும் மறுதொடக்கரைக் கடந்து போவார். அவர் நடக்கிறார் என்பதே விஷயம். நால்வகைத் தூண்டிகளில் இதைப்போல் சுடுவது வேறில்லை. இயற்பியல் கண்கொண்டு பார்த்தால் இதில் அவமானம் ஏதுமில்லை. மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரை நடப்பதே மனித உடலுக்குச் சிக்கனம். அதற்கு மேல்தான் ஓடுவது லாபம். அந்த எல்லைக்குக் கீழே மெல்ல ஓடுபவரை வேகமாக நடப்பவர் முந்துவது நியாயமே. ஆனால் ரோஷம் இயற்பியல் படித்ததில்லை.

*மூன்றாவது, தெருநாய்.* இது தரும் வேகம் அசாதாரணமானது. எனினும் பயிற்சிக் கணக்கில் சேராது.

*நான்காமவர் கண்ணுக்குப் புலப்படாதவர்.* கைபேசிச் செயலிக்குள் குடியிருக்கும், காய்ச்சலுக்கு முந்தைய மறுதொடக்கரே அவர். அவருக்கு நோய் வராது, மூச்சு வாங்காது, கால் பிடிக்காது. 'உங்கள் சராசரியைவிட இன்று மெதுவாக ஓடியிருக்கிறீர்கள்' என்று ஸ்ட்ராவாவோ வேறெதுவோ அவர் சார்பில் தகவல் அனுப்பும். மற்ற மூவரும் ஏழு மணி வெயிலோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் ஆளில்லாத சாலையிலும் கூடவே ஓடி வருவார்.

வரலாற்றுச் சான்றுகள்

ரோஷத்துக்கு நாடு, பதவி பேதமில்லை. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் தடகளப் பயிற்சியாளராக இருந்தவர் பில் பவர்மேன். பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தை ஃபில் நைட்டுடன் சேர்ந்து தொடங்கியவரும் இவரே. 1962ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து போனபோது, அங்கே ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்சியாளர் சாதாரண மக்களை மெல்லோட்டத்துக்கு அழைத்துப் போவதைக் கண்டு தாமும் சேர்ந்துகொண்டார். பவர்மேனுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. ஓட்டம் சொல்லித் தருவதே தொழில். கூட்டம் முன்னே போய்விட்டது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்புகளையே கடந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்து அவரோடு பேசிக்கொண்டே வந்தார். இரண்டாம் வகைத் தூண்டி உலகளாவியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பவர்மேன் ஊர் திரும்பி, மெதுவாக ஓடுவதைப் பற்றி இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் புத்தகமே வெளியிட்டார்.

அடுத்தவர் ஜப்பானின் ஷிசோ கனாகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். அன்றைய வெயில் தாங்காமல் வழியில் நின்று, ஒரு வீட்டுத் தோட்டத்தில் தாகம் தீர்த்துக்கொண்டு, போட்டி அதிகாரிகளிடம் சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டார். சுவீடன்காரர்கள் அவரை நெடுங்காலம் காணாமல் போனவராகவே கருதினார்கள். 1967இல் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. அன்றைய மாரத்தானின் தூரம் 40.2 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 மாதம் வருகிறது. மறுதொடக்கர்கள் தங்கள் வேகத்தை இத்துடன் ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவர் இன்னும் இரண்டு ஒலிம்பிக்குகளில் ஓடினார் என்பதையும், ஜப்பான் அவரை மாரத்தானின் தந்தை என்று கொண்டாடுகிறது என்பதையும் மறைப்பது ஆய்வு நேர்மையாகாது.

மூன்றாவது சான்று நம் நாட்டைச் சேர்ந்தது. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் கிளம்பிய காந்தி, ஏறத்தாழ 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்து தண்டி சேர்ந்தார். நடுவில் திங்கட்கிழமைகளில் ஓய்வு. ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய ராஜாஜி, ஏறத்தாழ 240 கிலோமீட்டரை 15 நாளில் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார். இரண்டையும் வகுத்தால் ஒரே விடை: நாளுக்கு 16 கிலோமீட்டர். ஒரு சாம்ராஜ்யத்தையே அசைக்கும் ரோஷம் அந்த இரண்டு யாத்திரைகளிலும் இருந்தது. அதில் ஒரு துளியும் காலுக்கு இறங்கவில்லை. உப்பு எங்கும் ஓடிவிடாது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

சிகிச்சை முறைகள்

*நடையும் ஓட்டமும்.* 1996இல் ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் சோபாவில் கிடப்பவரை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடவைக்கும் திட்டம் ஒன்றை வகுத்தார். முதல் வாரத்தில் ஐந்து நிமிட விரைநடைக்குப் பின் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். கூட்டினால் ஓட்டம் 8 நிமிடம், நடை 12 நிமிடம். இதில் மருத்துவக் குறை ஏதுமில்லை. சமூகக் குறை ஒன்று உண்டு. தெரிந்தவர் எவரும் அந்த 60 விநாடியில் எதிர்ப்படுவதில்லை. 90 விநாடியில்தான் வருவார். வந்து, 'என்ன சார், நடக்கிறீங்க? ஓடறதா சொன்னாங்களே' என்பார். அவ்விடத்தில் மறுதொடக்கர் 90 விநாடியை 20 ஆக்கிவிடாமல் இருப்பதே சிகிச்சையின் வெற்றி.

*பேச்சுச் சோதனை.* ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. சொல் சொல்லாக உடைந்தால் அதிகம். இச்சோதனை தமிழருக்குக் கூடுதல் கடுமையானது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. 'எங்க மாமா நேத்து ஆஸ்பத்திரியிலிருந்து...' என்ற இடத்தில் மூச்சு நின்றால், மாமா வந்தாரா போனாரா என்று கேட்பவர் நடுங்கிப் போவார். வினைமுற்று வரை மூச்சு எட்டும் வேகமே தமிழருக்கு உகந்த வேகம்.

*போர்க் அளவுகோல்.* சுவீடனின் உளவியலாளர் குன்னர் போர்க், சிரமத்தை 6 முதல் 20 வரை மதிப்பெண்ணிட்டார். எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. சும்மா கிடந்தாலே 6 மதிப்பெண் தரும் இந்த முறையை நம் பள்ளிகள் ஏன் ஏற்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. மறுதொடக்கர் 11க்கும் 13க்கும் இடையே நின்றால் போதும். அவரோ 17 எடுத்துவிட்டு, கேட்டால் 11 என்கிறார். மதிப்பெண் போடுவது அவர் கையில் இருப்பதால் வரும் சிக்கல் இது.

*பத்து சதவீத விதி.* வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களின் ஆகிவந்த விதி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புது ஓட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவு இவ்விதிப்படி மெல்லக் கூட்டியது, மற்றது வழக்கமான பயிற்சித் திட்டப்படி ஓடியது. 2008இல் வெளியான முடிவின்படி, இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. சதவீதக் கணக்கு மட்டும் காலைக் காக்காது என்பது அவர்கள் கண்டது. எஞ்சியதற்கு ரோஷமே பொறுப்பு என்பது இவ்வாய்வாளர் தம் சொந்தப் பொறுப்பில் சேர்ப்பது.

தடையும் விடையும்

'ரோஷமே வேண்டாம் என்றால் விடிகாலை ஐந்து மணிக்குப் போர்வையை உதறி எழுப்பிவிடுவது யார்? படுத்தவர் மறுபடி ஷூ மாட்டியதே ரோஷத்தால் அல்லவா?' என்று ஒரு தடை எழுப்பப்படலாம்.

தடை நியாயமானது. உறுப்பை அறுத்தெறியச் சொல்லவில்லை. அதன் பணி நேரத்தை வரையறுக்கவே சொல்கிறோம். தண்டிக்குக் கிளம்ப வைத்தது ரோஷம்; திங்கட்கிழமை உட்கார வைத்தது வேறொன்று. அடுக்ககத்தின் இரவுக் காவலாளி போல் ரோஷம் இருந்துகொள்ளலாம்: விடியும்வரை அதன் ராஜ்ஜியம், கதவைத் திறந்துவிட்டதும் அது தூங்கப் போக வேண்டும். மறுதொடக்கரின் துன்பமெல்லாம், அது கூடவே கிளம்பி வந்து வழி சொல்வதால் வருவது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுபவை மூன்று. ஒன்று, மூச்சு தேறுவதற்கும் எலும்பு தேறுவதற்கும் இடையே மாதக்கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. இரண்டு, அந்த இடைவெளியில் மூச்சின் சொல்லைக் கேட்டு ஓடுபவருக்குக் கால் பதில் சொல்கிறது. மூன்று, மெதுவாக ஓடக் கற்பது என்பது பெரும்பாலும் முந்தப்படக் கற்பதே.

மேலாய்வுக்குரிய களம் ஒன்றையும் சுட்ட வேண்டும். மங்கி குல்லா நடையாளரை இன்னொரு மங்கி குல்லா நடையாளர் முந்தும்போது, முன்னவரின் பென்ஷன் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்று, நடை திடீரென வேகம் எடுப்பது களத்தில் தெளிவாகக் காணப்பட்டது. அவருக்கும் இம்முடிவுகளை எடுத்துச் சொல்வது அவசியம். அதற்கு அவரை எட்டிப் பிடிக்க வேண்டும். இவ்வாய்வின் விதிகள் அதற்கு இடம் தரவில்லை.