தபால்தலை வெடிப்பியல்: ஒரு கரிசல்காட்டு ஆய்வு

வெடிப்பைப் பற்றிப் பேச விளாத்திகுளத்துக்காரனைவிடத் தகுதியானவன் யாருமில்லை. பங்குனி பிறந்தால் எங்கள் கரிசல் வாயைப் பிளக்கும். சித்திரையில் அதற்குள் பம்பரம் விழுந்தால் போனது போனதுதான். அந்த வெடிப்புகளைத் தாண்டித் தாண்டியே பள்ளிக்கூடம் போனவன் அச்சுத் தகட்டின் வெடிப்பை ஆராயப் புகுந்ததில் வியப்பென்ன? ஆய்வுக் கருவிகள்: பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று, தாத்தாவின் பழைய கடிதங்கள் கிடக்கும் டிரங்குப் பெட்டி ஒன்று.

தகட்டைக் குடைந்து, பள்ளத்தில் மை நிரப்பி அச்சடிக்கும் முறையில் தகடு வெடித்தால், வெடிப்புக்குள்ளும் மை இறங்கும். ஸ்டாம்பில் நிறக் கோடு விழும். மேட்டில் மை தடவி அச்சடிக்கும் முறையில் எல்லாம் தலைகீழ். வெடிப்பில் மை ஒட்டாது, வெள்ளைக் கோடுதான் விழும். இது தெரியாமல் லென்ஸைத் தூக்குகிறவர், நஞ்சையா புஞ்சையா என்று கேட்காமல் நிலம் கிரயம் பண்ணுகிறவர்.

வெடிப்பு வளரும் ஜாதி. முதல் தாள்களில் மயிரிழை. அச்சு ஓட ஓட நீளும். அந்த நீளத்தை வைத்தே எந்தத் தாள் முந்தி, எது பிந்தி என்று சேகரிப்பாளர்கள் வரிசை கட்டுகிறார்கள். இவற்றுக்குப் பங்குனி நிலை, சித்திரை நிலை என்று நான் பெயரிட்டிருக்கிறேன். உலகம் இன்னும் ஏற்கவில்லை. கரிசல் வெடிப்பு வரப்பைக் கண்டு நிற்பதில்லை, பங்காளி நிலத்துக்கும் போகும். தகட்டு வெடிப்பும் ஸ்டாம்புக்கு ஸ்டாம்பு உள்ள இடைவெளியைக் கண்டு நிற்காது. பக்கத்து ஸ்டாம்பிலும் தொடரும். கிழிக்காத ஜோடியைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேல், இன்னொரு தாளிலும் அதே இடத்தில் அதே கோடு இருந்தாக வேண்டும். ஒரே ஒரு ஸ்டாம்பில் மட்டும் இருந்தால் அது தூசியாக இருக்கலாம், மடிப்பாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

1854-இல் கல்கத்தா சர்வே அலுவலகத்தில் கேப்டன் துய்லியர் பொறுப்பில் கல்லச்சில் அடித்த நாலணா ஸ்டாம்பை இங்கே சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். சிவப்புச் சட்டம் ஒருமுறை, நீலத் தலை ஒருமுறை என்று இரண்டு ஓட்டம். இடையில் யாரோ தாளைத் திருப்பி வைத்துவிட, விக்டோரியா தலைகீழாக நின்றார். அது இன்று பெரும் புதையல். ஆனால் வெடிப்பல்ல, வெறும் கவனக்குறைவு. இவ்வியல் அதைத் தூரத்து உறவாக மட்டுமே ஏற்கும்.

இனி என் கண்டுபிடிப்பு. 1960-இல் வெளிவந்த பாரதியார் ஸ்டாம்பு, 15 நயா பைசா. எங்கள் பக்கத்து எட்டயபுரத்துக்காரர் என்பதால் தாத்தா பத்திரப்படுத்தியிருந்தார். நாசிக் அச்சகம் 1952-இல் கபீர், மீரா முதலியோர் படங்களோடு தொடங்கிய போட்டோகிராவூர் முறையில் வந்தது. தாமிர உருளையின் நுண்குழிகளில் மை தங்கும் முறை. படத்தின் குறுக்கே, சற்றே வளைந்து, ஓரம்வரை ஒரு கோடு! சந்தேகமில்லாத சித்திரை நிலை. பதினொரு பக்கம் எழுதினேன். கோடு பழுப்பாயிற்றே, ஸ்டாம்பில் பழுப்பே இல்லையே என்ற சிறு ஐயத்தை, 'நம்மூர் வெயிலில் மை நிறம் மாறியிருக்கும்' என்று அடிக்குறிப்பில் அமுக்கினேன்.

வேம்பாரில் கருப்பட்டி வியாபாரம் பார்த்த பெரியப்பா வந்தார். லென்ஸ் வேண்டாமென்றார். வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்தார்; மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலே, இது வெடிப்பா?"

"ஆமா பெரியப்பா. உருளையில விழுந்த வெடிப்பு."

"உங்க தாத்தா காப்பி குடிச்சிக்கிட்டேதான் காயிதம் படிப்பாரு, தெரியும்ல?"

கிண்ணத்துத் தண்ணீரில் போட்டோம். பாரதியார் அப்படியே இருந்தார். வெடிப்பு மட்டும் மெல்லக் கரைந்தது. பெரியப்பா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல சரக்கு" என்றார்.

1960 பாரதியார் ஸ்டாம்பை ஜோடியாக வைத்திருப்பவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.