முப்பது என்றால் எத்தனை?

நேரத்தை அடிக்கணக்கில் அளந்த ஊர் எங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுன். விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதென்று 1897இல் செல்வந்தர் சியா சென் இயோக் மணிக்கூண்டு கட்டித் தர முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடி, மொத்தம் 60 அடி. கட்டி முடிந்தது 1902இல். அதற்குள் மகாராணி 63 ஆண்டுகளைத் தாண்டி ஆண்டு, காலமாகியும்விட்டார். மதிப்பைக் கல்லில் எழுதிவிட்டால் பிறகு யார் போய்த் திருத்துவது?

கல்லையாவது விடுங்கள். பாயான் லெப்பாஸில் நான் மேய்க்கும் கான்ஃபிக் கோப்புகளைத் திருத்தலாம், புரிந்தால்தானே? ஒரு கோப்பில் 'டைம்அவுட் = 30' என்று இருந்தது.

"அண்ணே, இது என்ன 30?"

"போட்டவரத்தான் கேக்கணும் தம்பி."

"அவர் எங்கண்ணே?"

"சிங்கப்பூர் போய் ரொம்ப நாளாச்சு."

வினாடியா, நிமிடமா, மில்லிவினாடியா? ஆளுக்கு ஒரு வழக்கம். மைஎஸ்கியூஎல், சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்க 28800 என்று வைத்திருக்கிறது. அது வினாடி, அதாவது 8 மணி நேரம். அதோடு பேசும் ஹிகாரிசிபி, இணைப்பு கிடைக்கக் காத்திருக்க 30000 என்கிறது. அது மில்லிவினாடி, வெறும் அரை நிமிடம். பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படவும் முடியாது, சின்ன எண்ணை நம்பவும் முடியாது. என்ஜின்எக்ஸில் சின்ன 'எம்' நிமிடம், பெரிய 'எம்' மாதம். சுண்டுவிரல் ஷிஃப்ட்டில் பட்டால் முப்பது நாள்! ஐஎஸ்ஓ 8601 தரத்தில் 'பிடி1எம்' ஒரு நிமிடம். நடுவில் உள்ள 'டி'யை விழுங்கிவிட்டால் ஒரு மாதம். பழைய யாமல் 1:30 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் 90 என்று படித்துக்கொள்ளும். எதில் 90? அதைச் சொல்லாது.

கோ மொழிக்காரர்கள் இன்னும் கறார். அவர்களுடைய கால அளவில் மணி உண்டு, நாள் கிடையாது. ஒரு வாரம் வேண்டுமென்றால் 168 மணி என்று எழுத வேண்டும். நாள் எப்போதும் 24 மணி நேரமாக இருக்காதாம். என் கூட்டாளிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 மணிக்கு, சபா சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்க, தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி நள்ளிரவாக்கினார்கள். அன்றைய நாளுக்கு 23½ மணி நேரம்தான். பினாங்குக்காரனுக்குக் கோ மொழி சொல்லித் தர வேண்டியதில்லை.

பஞ்சாங்கம் கணித்த நம் பெரியவர்கள் இவ்வளவு குழப்பவில்லை. திதி எப்போது முடிகிறதென்று நாழிகை இத்தனை, விநாடி இத்தனை என்று பிரித்துத்தான் போட்டார்கள். வெறும் 30 என்று போட்டிருந்தால் மாப்பிள்ளை எப்போது தாலி கட்டுவது?

ஆகவே புரோகிராமர் தம்பி தங்கைகளே, எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். மென்பொருள் அலகை ஏற்காதென்றால் அமைப்பின் பெயரிலேயே 'செகண்ட்ஸ்' என்று சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு தாராளமாகச் சிங்கப்பூர் போங்கள்.