கேட்டை நல்லாப் பூட்டு, பேராண்டி!

வாடா பேராண்டி, உக்காரு. யுனிவர்சிட்டியில உன்னைப் பாதுகாப்பு மறுஆய்வுக் கமிட்டியில போட்டிருக்காங்கன்னு உங்கம்மா தானா ராத்தா ஊரு பூராவும் சொல்லிட்டா. காய்கறிக் கடைத் தவுக்கே கூட எனக்கு வாழ்த்துச் சொன்னாரு. நல்ல வேலைதான். எங்கயாச்சும் ஒரு பொண்ணு அழுதாத்தான் கமிட்டி பொறக்கும். கமிட்டி பொறந்தா தேத்தண்ணியும் கறிபாப்பும் வரும், கடைசியா அறிக்கை வரும். அந்த அறிக்கையில மொத வரி என்னன்னு நான் சொல்லட்டா? "மேலும் கேமராக்கள் வாங்கப்பட வேண்டும்." சிரிக்காத. உன் ஃபைலைத் தொறக்காமலே சொன்னேன் பாரு.

வாங்குடா, தாராளமா வாங்கு. ஆனா கேமரா படம் புடிக்கும், அதைப் பாக்குறதுக்கு ஆளு வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கட்டங்கட்டமா ஓடுற டிவி முன்னால ஒக்காந்திருக்கிறவன் யாரு? காண்ட்ராக்டர் அவனுக்கு என்ன சம்பளம் குடுக்குறான்? பகல்ல இன்னொரு வேலை பாத்துட்டு இங்க வந்து கண்ணசருறானா? ஃபைல்ல இதெல்லாம் இருக்காது. எங்க தோட்டத்துல ஒரு ஜாகா, அதான் ராக்காவல்காரரு, இருந்தாரு. மணிக்கு ஒரு தரம் தண்டவாளத் துண்டுல ணங்குன்னு அடிப்பாரு. பங்களாவுல துரை, ஜாகா முழிச்சிருக்கான்னு பொரண்டு படுப்பாரு. ஸ்டோர்ல உர மூட்டை தூக்க வந்தவனும் அதே சத்தத்தைக் கேட்டு, ஆளு இன்னும் அந்தப் பக்கந்தான் இருக்கான்னு நிதானமாத் தூக்குவான். உங்க ரோந்து வண்டி தெனமும் அதே நேரத்துக்கு அதே ரோட்டுல வெளக்கைச் சுத்த விட்டுக்கிட்டுப் போகுதான்னு மொதல்ல பாரு.

கேட்டைப் பூட்டுறதுல நம்ம மலேசியாவை யாரும் மிஞ்ச முடியாது. 2014 அக்டோபர் 27, மலாயா பல்கலைக்கழகம். அங்கயே படிச்ச, அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அன்வார் இப்ராஹிம் மாணவருங்ககிட்டப் பேச வர்றாருன்னதும் கேட்டைப் பூட்டிட்டாங்க. பத்தாததுக்கு உள்ள வெளக்கையும் அணைச்சிட்டாங்க. வெளக்கை அணைச்சா யாருக்குடா பாதுகாப்பு? புள்ளைங்க கேட்டைத் தள்ளித் தொறந்து அவரை உள்ள கூட்டிட்டுப் போயிருச்சுங்க. மாணவர் தலைவரு ஃபாமி சைனோலுக்கு ரெண்டு செமஸ்டர் நீக்கம். எட்டு வருஷம் கழிச்சு, 2022 நவம்பர்ல, கேட்டுக்கு வெளிய நிறுத்தப் பாத்த மனுஷன் பிரதமராயிட்டாரு.

இப்ப மெட்ராசுக்கு வா. கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், 2024 டிசம்பர் 23 ராத்திரி. சுவரு இருந்துச்சு, கேட்டு இருந்துச்சு, காவலாளி இருந்தான், கேமரா இருந்துச்சு. அத்தனையும் இருக்கையில வளாகத்துக்குள்ளயே ஒரு மாணவிக்குப் பாலியல் வன்கொடுமை நடந்துச்சு. செஞ்சவன் வானத்துல இருந்து குதிச்சவன் இல்ல, பக்கத்துல ரோட்டோரமா பிரியாணி வித்துக்கிட்டிருந்தவன். போலீசுக்கும் புதுசில்ல, பழைய வழக்கெல்லாம் இருந்த ஆளு. அந்தப் பொண்ணு தைரியமாப் புகார் குடுத்தா. அவ விவரத்தோட எஃப்.ஐ.ஆர். ஊரு பூரா பரவிடுச்சு. அதுல எழுதியிருந்த வாசகமும் அவ மேலயே பழி போடுற மாதிரி இருந்துச்சுன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சுது. அஞ்சே நாள்ல மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிங்ககிட்ட விசாரணையைக் குடுத்து, பொண்ணுக்கு 25 லட்ச ரூபா இடைக்கால இழப்பீடும் குடுக்கச் சொல்லுச்சு. 2025 ஜூன் 2-ல அவனுக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறைப்பே கெடையாது. கோர்ட்டு ஆறு மாசத்துக்குள்ள முடிச்சிருச்சு, உன் கமிட்டி எப்ப முடிக்கும்? நடுவுல அரசியல்காரங்க "யார் அந்த சார்?"னு போஸ்டர் ஒட்டினாங்க. அந்தப் பாதைக்கு லைட்டு போட வேண்டியது யாருன்னு கேட்டு ஒரு போஸ்டரும் என் கண்ணுல படல. உன் அறிக்கையில, புகார் குடுக்கிற புள்ளையோட பேரு எந்த அலமாரியில இருக்கும், சாவி யாருகிட்ட இருக்கும்னு ஒரு வரி எழுது. அதுவும் பாதுகாப்புதான்டா.

சுவத்தை ஒசத்தினா ஆச்சுன்னும் நெனைக்காத. சுங்கை பெசியில தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கே, நாளைக்குப் படையதிகாரி ஆகப் போறவங்க படிக்கிற எடம், அதை விடக் காவல் எங்க இருக்கு? அங்கதான் 2017 மே மாசம் சுல்பர்ஹான் ஒஸ்மான்கிற 21 வயசுப் பையனை, லேப்டாப் திருடிட்டான்னு சொல்லி, கூடப் படிச்சவனுங்களே இஸ்திரிப் பெட்டியால சுட்டானுங்க. ஜூன் 1-ல அந்தப் புள்ள செத்துப்போச்சு. கேட்டைத் தாண்டி ஒருத்தனும் வரல. உன் ஹாஸ்டல்ல ராத்திரி அலறல் கேட்டா, கேட்டவன் எந்த நம்பருக்கு அடிக்கணும்? அடிச்சா எடுப்பாங்களா? நீயே இன்னைக்கு நடுராத்திரி அடிச்சுப் பாரேன்.

காக்கத் தெரியாட்டியும் தேடுறதுல நாம சூரனுங்கதான். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, பட்டு முதலாளி ஜிம் தாம்சன் இங்க தானா ராத்தாவுல மூன்லைட் பங்களாவுல இருந்து வெளிய போனவரு திரும்பல. போலீசு, பட்டாளம், ஒராங் அஸ்லி பூர்வகுடிங்க, போமோ மந்திரவாதிங்க, எல்லாரும் இந்தக் காட்டைச் சலிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் துப்பில்ல. காணாமப் போனப்புறம் எவ்வளவு பெரிய கூட்டம் வந்து என்னடா?

செலவில்லாத வேலை ஒண்ணு சொல்றேன். ராத்திரி லைப்ரரி சாத்துற நேரத்துல துணைவேந்தரு, காவல் தலைவரு, எஸ்டேட் ஆபீசரு எல்லாரையும் வண்டியில ஏத்தாம ஹாஸ்டல் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போ. முன்னால நாலு மாணவிங்க நடக்கட்டும். எந்த எடத்துல அவுங்க பேச்சை நிறுத்திட்டு வேகமா எட்டி நடக்கிறாங்களோ, அங்க சாக்பீஸால ஒரு கோடு போடு. மொத வெளக்கு அந்தக் கோட்டுக்கு மேல. மரக்கெளை வெளக்கை மறைச்சா வெட்டு. மறுநாள் கூட்டுற அக்காவைக் கேளு, எந்த மூலையில பீர் டின்னு கெடக்குதுன்னு கமிட்டியை விட அவுங்களுக்குத்தான் தெரியும்.

எல்லாக் கமிட்டியிலயும் ஒரு பெரிய மனுஷன் இருப்பாரு. "பொண்ணுங்க நேரத்தோட உள்ள வந்துட்டாப் பிரச்சினையே இல்லியே"ம்பாரு. சண்டை போடாத. "ஐயா, ஒரு மாசம் பசங்களைப் பூட்டிப் பாப்போமா?"ன்னு மரியாதையாக் கேளு. பாலியல் தொல்லைக்குன்னே நம்ம நாட்டுல 2022-ல சட்டம் போட்டாங்க, 2024 மார்ச்சுல இருந்து தீர்ப்பாயமே நடக்குது. உன் ஹாஸ்டல் பலகையில அது இருக்கா? அரைக்கால் சட்டைக்குத் தடைன்னு மட்டும் இருக்குமே!

ஆமா, கமிட்டியில பொண்ணுங்க எத்தனை பேரு? ஒருத்தியா? யாரு, மினிட்ஸ் எழுதுற புள்ளையா? சரி போ. மீட்டிங் முடிஞ்சு ராத்திரி அவ வீட்டுக்கு எப்படிப் போறான்னு மொதல்ல கேட்டுட்டு வா.