சட்டையே சங்கீதம்

1979இல் மான்செஸ்டர் நகரத்து ஜாய் டிவிஷன் குழுவினர் தம் முதல் முழுநீள இசைத்தட்டை வெளியிட்டபோது, பீட்டர் சாவில் என்னும் வடிவமைப்பாளர், குழுவின் பெயரையோ தட்டின் பெயரையோ முகப்பில் பொறிக்காமல், 1967இல் கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட துடிவிண்மீன் ஒன்றின் ரேடியோ அலைகளைக் கறுப்புப் பின்னணியில் வெண்கோடுகளாக அடுக்கிவைத்தார். அக்கோடுகளைப் பனியனில் அணிந்து உலாவும் வாலிபர்களில் பலர் அக்குழுவின் பாட்டை ஒருபோதும் செவிமடுத்ததில்லை என்பதே அச்சித்திரத்தின் பரிபூரண வெற்றி.

ஆகையால் சுயேச்சை இசைக்கலைஞராகப் பிரவேசிக்க விரும்புவோர், சாதகம், சுருதி முதலிய சிரமங்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவிட்டு, இலச்சினையையும் வர்ணத்தையும் எழுத்துருவையும் முதலில் நிர்ணயித்துக்கொள்வதே உத்தமம். பனியன் துவைக்கத் துவைக்கச் சற்றே வெளிற வேண்டும்; வாங்கும்போதே வெளிறியிருந்தால் இன்னும் விசேஷம், விலையும் கூடும். தோள்பையும் காப்பிக் குவளையும் ஒருநாளும் அபஸ்வரம் எழுப்பியதில்லை என்பதை ரசிகப் பெருமக்கள் நன்கு அறிவார்கள்.

இம்முறையை அட்சரம் பிசகாமல் அனுஷ்டித்த இளைஞர் ஒருவரின் சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்து, இரண்டாம் முறை அச்சேறிக்கொண்டிருந்த சுபதினத்தில், விஷமி யாரோ அவரைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டாராம். நல்ல வேளையாக அவருடைய வடிவமைப்பாளர் குறுக்கிட்டு, குரல் இலச்சினையோடு ஒத்துப்போகவில்லை, ஆதலால் குரலை மாற்றும்வரை பொறுத்தருள்க என்று விண்ணப்பித்துக்கொண்டார்.