இடிமழையும் பேஸ்மென்ற் கதவும்: பிறம்ரன் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இடி இடிக்கும்போது குடும்பம் வீட்டுக்குள் எங்கே இருக்கவேண்டும் என்பது பற்றித் தமிழ் இலக்கணம் வாய் திறக்கவில்லை. நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்கள் பேஸ்மென்றை எந்தத் திணையில் சேர்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களமாகக் கனடாவின் பிறம்ரனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே பேஸ்மென்றை வாடகைக்கு விடாமல் மோட்கேஜ் கட்டுபவர்கள் அருகிவரும் இனம்.

முதன்மைத் தரவு 2022 மே 21. விக்டோரியா தின நீண்ட வாரஇறுதியின் சனிக்கிழமை. வீட்டிலிருந்த அத்தனை கைத்தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அவசர எச்சரிக்கையோடு அலறின. அதுவரை காணாமற்போன குழந்தைகளுக்காக அலறிய அந்தக் கருவி, இடிமழைக்காக அலறியது அன்றுதான் முதல் தடவை. வந்தது சாதாரண மழையல்ல, ‘டெரேச்சோ’ எனப்படும் நேர்கோட்டுப் புயல். ஒன்ராறியோவின் தென்மேற்கில் தொடங்கி ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் ஓடிக் கியூபெக் வரை போனது. பிறம்ரனுக்குப் பக்கத்திலுள்ள பியர்சன் விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீற்றரைத் தொட்டது. பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் மரம் விழுந்து. ஆகவே இது விளையாட்டு விடயமல்ல. வீட்டுக்குள் நடப்பதுதான் விளையாட்டு.

அலறல் கேட்டதும் அப்பா செய்யும் முதல் வேலை, கராஜ் கதவைத் திறந்துவைத்து அதன் நடுவில் நின்று வானத்தைப் பார்ப்பது. இதற்கு விதிவிலக்கான அப்பா எவரும் இவ்வாய்வில் அகப்படவில்லை. அந்நேரம் வீட்டின் ஆட்சி அம்மம்மாவின் கைக்கு மாறுகிறது. “யன்னலடிக்குப் போகாதை. ரீவியை நூர். பிளக்கைக் கழட்டு. பைப்பிலை கை வையாதை.” கனடாச் சுற்றாடல் திணைக்களம் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்: யன்னலை விட்டு விலகுங்கள், மின்கருவிகளைக் கழற்றுங்கள், குளிக்காதீர்கள். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடவேண்டும் என்பதில் மட்டும் திணைக்களம் அம்மம்மாவோடு இன்னும் உடன்படவில்லை.

அடுத்தது, இடி இடிக்கும்போது சொல்லும் ‘அருச்சுனா, அருச்சுனா’. ஏன் அருச்சுனன் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. அவன் இந்திரனின் மகன், ஆகவே தகப்பனிடம் மகனின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு கேட்கிறோம் என்பது ஒன்று. காண்டவ வனம் எரிந்தபோது இந்திரன் பொழிந்த மழையை அம்புக்கூரையால் தடுத்தவன் அவன், ஆகவே இது சிபாரிசல்ல, மிரட்டல் என்பது மற்றது. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. அம்மம்மாவின் குரலில் கெஞ்சல் கிடையாது.

இச்சொல்லுக்கு ஓர் அளவைப் பயனும் உண்டு. மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை செல்லும் ஒவ்வொரு மூன்று செக்கனும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். நிதானமாகச் சொன்னால் ஓர் அருச்சுனாவுக்கு ஒரு செக்கன். எனவே மூன்று அருச்சுனா ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் ஆபத்து வட்டத்துக்குள் நிற்கிறோம். குறை ஒன்றுதான்: பயம் கூடக்கூடச் சொல்லும் வேகமும் கூடுவதால், தலைக்கு மேலே நிற்கும் இடி கணக்கில் கலிடன் மலைப்பக்கம் போய்விடும்.

இனி மூலப்பிரச்சினை. பெருங்காற்று வந்தால் பேஸ்மென்றுக்குப் போ என்பது விதி. பேஸ்மென்றில் குடியிருப்போர் இருக்கிறார்கள், பல வீடுகளில் பஞ்சாபிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கவாசல். வீட்டுக்குள்ளிருந்து இறங்கும் படிக்கட்டின் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். 2006ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, வீட்டுக்காரர் உள்ளே போக வழமையாக 24 மணிநேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். புயல் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. அவசரநிலைக்கும் குடியிருப்பவரின் சம்மதத்துக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் அம்மம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி, முறுக்கு ரின் எல்லாம் சேர்ந்து இறங்குவது எந்தப் பிரிவில் அடங்கும் என்று வழக்கறிஞர்கள்தான் சொல்லவேண்டும்.

மறுதலையும் உண்டு. 2013 யூலை 8 அன்று மாலை பியர்சனில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது, 2024 யூலை 16 அன்று ஏறத்தாழ 98. இரண்டுமே ஒரு முழு யூலை மாதத்தில் வழமையாகப் பெய்வதை மிஞ்சியவை. இப்படியான நாளில் கறண்ட் நின்றால் சம்ப் பம்பும் நிற்கும், பேஸ்மென்றுக்குள் தண்ணி ஏறும். அப்போது கீழே இருப்பவர்கள் மேலே வரவேண்டும். அதாவது காற்றென்றால் மேல்வீடு இறங்கும், வெள்ளமென்றால் கீழ்வீடு ஏறும். இரண்டுக்கும் வழி அந்த ஒரே கதவுதான். வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங், பனி அள்ளுதல், குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி இருக்கிறது. இந்தக் கதவுக்கு ஒரு வரி எழுதியவர்களை நான் காணவில்லை.

பிறம்ரன் வீட்டுக்காரருக்கு இவ்வாய்வின் வேண்டுகோள் இது. கோடை தொடங்குமுன் ஒருநாள் கீழே இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் பேசிக்கொள்ளுங்கள். போன் அலறினால் இரண்டு பக்கத்துத் தாழ்ப்பாளும் திறக்கப்படட்டும். தட்டிவிட்டு இறங்குங்கள், அவர்கள் தட்டினால் திறவுங்கள். முறுக்கு ரின்னைப் பெரிதாகவே கொண்டுபோங்கள். கடைசி இடி கேட்டபின்னும் 30 நிமிடம் வெளியே போகாமல் காத்திருக்கச் சொல்கிறது சுற்றாடல் திணைக்களம்.